“நெட்டு நிக்க மாட்டேங்குது” என்று கம்ப்யூட்டரைத் தூக்கி வரும் தர்மபுரி மாவட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, நல்லம்பள்ளி, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களில் வீட்டில் கம்ப்யூட்டரும் வைஃபையும் வைத்திருக்கும் எல்லோருக்கும்,

தர்மபுரி டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடையிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பலரை முகம் பார்த்துப் பழக்கம். பென்னாகரம் பக்கமிருந்து வருபவர்கள் டிவிஎஸ் எக்ஸெல்லில் கால் வைக்கிற இடத்தில் சிபியுவை நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு வருவீர்கள். அரூர்க்காரர்கள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவீர்கள். எல்லோர் வாயிலும் ஒரே புகார்: “நெட்டு நிக்க மாட்டேங்குதுங்ணா, விட்டு விட்டு வருது.” கடை வைஃபையில் போட்டால் வீடியோ அரை மணி நேரம் சுற்றாமல் ஓடும். உடனே என்மேல் ஒரு சந்தேகப் பார்வை விழும். “இங்க மட்டும் எப்படிங்க வருது?”

பெரும்பாலும் கோளாறு நீங்கள் தூக்கி வந்த பொருளில் இல்லை, வீட்டில் விட்டுவிட்டு வந்தவற்றில் இருக்கிறது. வைஃபை பெட்டி, அதற்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர், பெட்டி உட்கார்ந்திருக்கும் இடம், நடுவில் நிற்கும் சுவரும் பீரோவும். இவற்றில் பாதியை யாராலும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆகவே நீங்களே வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளை எழுதி அனுப்புகிறேன்.

2020 ஊரடங்கில் பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்த்த நம் பிள்ளைகள் லேப்டாப்போடு ஊர் திரும்பினார்கள். சிலர் இன்றும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பே நெட்டில்தான் நடக்கிறது. ஆகவே இது பொழுதுபோக்குப் பிரச்சினை அல்ல என்பது தெரியும். ஆனால் இணைப்பு அறுந்தால் முதல் காரியமாகப் பெரிய பிளானுக்கு மாறுகிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. 40 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவர் 100-க்குப் போகிறார், 100 வைத்திருப்பவர் 200-க்குப் போகிறார். ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கு வேகம் மருந்தாகாது. மாதா மாதம் கூடுதல் பணம் கட்டி அதே தொல்லையைத்தான் அனுபவிப்பீர்கள்.

முதலில் இணைப்பை இரண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதானே பிளம்பரைக் கூப்பிடுகிறோம்? கம்பத்திலிருந்து வீட்டுப் பெட்டி வரை வருவது ஒரு துண்டு, அது கேபிள்காரரின் பொறுப்பு. பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர் வரை காற்றில் போவது இன்னொரு துண்டு, அது உங்கள் வீட்டு விவகாரம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு கேபிள்காரருக்குப் போன் போட்டால், அவர் வந்து பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்வார். அப்போதைக்கு வரும். அவர் பைக் தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடியும் போகும்.

நெட் நின்ற அந்த நிமிடத்திலேயே, எதையும் ஆஃப் செய்யாமல், வீட்டிலுள்ள செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஏதாவது திறக்கிறதா பாருங்கள். போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் பெட்டிமேல் தப்பில்லை. இரண்டிலும் வரவில்லை என்றால் எழுந்து போய்ப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்புப் பெட்டியில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஒளி உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. எங்கோ ஜேசிபி தோண்டியிருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், கம்பத்தில் ஜாயின்ட் விட்டிருக்கலாம். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, லைன்மேனைக் கூப்பிடுங்கள். பிஓஎன் என்ற விளக்கு பச்சையாக ஆடாமல் நின்றால் ஒளி வருகிறது, பெட்டியும் அந்தப் பக்கத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது. ஃபைபர் முனையைக் கழற்றி உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று மட்டும் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

விளக்குகள் ஒழுங்காக இருந்தும் நெட் விட்டு விட்டு வருகிறது என்றால் அடுத்த சோதனைக்குக் காசு செலவில்லை. விண்டோஸில் தேடும் இடத்தில் சிஎம்டி என்று தட்டினால் ஒரு கருப்பு ஜன்னல் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற இடத்தில் ஒரு எண் வரும். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். அதுதான் உங்கள் பெட்டியின் விலாசம். இப்போது பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த எண், மறுபடி இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி என்ற ஆங்கில எழுத்தும் போடுங்கள். ஒரு வரிக்குக் கீழ் ஒரு வரியாக ஓடத் தொடங்கும். இன்னொரு கருப்பு ஜன்னல் திறந்து, அதே மாதிரி 8.8.8.8 என்ற எண்ணுக்கும் ஓட விடுங்கள். அது கூகுள் நடத்தும் பொதுச் சேவையின் எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நெட் நிற்கும்போது இரண்டு ஜன்னலிலும் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று வந்தால், கம்ப்யூட்டரால் உங்கள் வீட்டுப் பெட்டியையே எட்ட முடியவில்லை. கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. பெட்டிக்குப் போகும் ஜன்னல் ஒன்றிரண்டு மில்லி செகண்டில் பதில் வாங்கிக்கொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் திணறினால் கோளாறு வெளியே. அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து லைன்மேனிடம் காட்டுங்கள். “உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்ப முடியாது. வெளிக்கோளாறு என்றால் அவரிடம் பெட்டிக்கு வரும் ஒளியின் பவர் எவ்வளவு என்று கேளுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நலம். மைனஸ் 27-ஐ நெருங்கினால் பெட்டி பிடிக்கக்கூடிய எல்லைக்கே வந்துவிட்டது. பல வீடுகளில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஃபைபரை நசுக்கி மடித்திருப்பதே அதற்குக் காரணம். கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி அந்த வளைவிலேயே கசிந்துவிடும்.

ஃபைபர்க் கோளாறு கேபிள்காரர் பார்க்க வேண்டியது. வீட்டுக்குள் இருக்கும் கோளாறுக்கு வருகிறேன்.

கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி பெட்டியை எங்கே மாட்டினார்? ஒயர் எந்த ஜன்னல் வழியாக நுழைந்ததோ அதன் பக்கத்தில். அநேகமாகத் தெருவாசலை ஒட்டி, டிவிக்குப் பின்னால், இல்லையென்றால் இரும்பு பீரோ மேல். கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? பின்பக்க அறையில். நடுவில் முக்கால் அடிச் சுவர் இரண்டு. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கல் சுவராகவே இருக்கும். போதாததற்கு ஒரு பிரிட்ஜ், கண்ணாடி பதித்த பீரோ, மாடியேறினால் தகர ஷீட். ரேடியோ அலைக்குப் பெரிய எதிரி உலோகம். பீரோ கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான், அதற்குப் பின்னால் இருப்பது முழுத் தகடு. தண்ணீரும் அலையைக் குடித்துவிடும், நிரம்பிய சின்டெக்ஸ் தொட்டிக்கு மறுபுறம் சிக்னல் நொண்டும். பெட்டியை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், எதிலும் மறையாமல் மாட்டினாலே புகார்களில் பெரும்பகுதி தீரும். அதற்கு இன்னும் பத்து மீட்டர் ஒயர் வேண்டும் என்று கேட்டால் காசைக் கொடுத்துவிடுங்கள். பிளானை உயர்த்துவதைவிட மலிவு.

பெட்டி இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. 2.4-இன் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், சுவரைத் தாண்டி ஓரளவு போகும். 5-இன் அலை அதில் பாதிதான், வேகம் அதிகம், ஆனால் இரண்டாவது சுவரில் களைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதே மீட்டிங் அறுந்துவிடலாம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். பெட்டி இருக்கும் அறையிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் 5, தள்ளி இருந்தால் 2.4. அரசு 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் இன்னும் உழைக்கின்றன. அவற்றில் பழையவை பலவற்றின் கண்ணுக்கு 5 தெரியவே தெரியாது. அதைப் பழுது என்று நினைத்துத் தூக்கி வர வேண்டாம்.

2.4-இல் இன்னொரு சங்கடம் நெரிசல். லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-இல் இதைத் திறந்துவிட்டது. அதில் 13 சேனல்கள் உண்டு, ஆனால் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடக்கூடியவை 1, 6, 11 மூன்றுதான். மலையடிவாரத்துத் தனிவீட்டில் இது கவலையே இல்லை. குமாரசாமிப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒவ்வொருவர் பெட்டியும் கத்திக்கொண்டிருக்கும். வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப்பைப் போனில் போட்டுப் பார்த்து, மூன்றில் எது காலியோ அதில் உங்கள் பெட்டியை நிறுத்துங்கள். சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் அறுந்து போவது நிற்கும்.

இந்த அலைவரிசைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு திருடன் உண்டு, பலருக்குத் தெரியாது. யுஎஸ்பி 3 எனப்படும் நீல நிறத் துளையில் செருகும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் வேலை செய்யும்போது அதன் ஒயரிலிருந்து கசியும் இரைச்சல் சரியாக 2.4 பகுதியில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. “படம் காப்பி பண்ணும்போதெல்லாம் நெட் போவுதுங்க” என்று யாராவது சொன்னால் நான் கம்ப்யூட்டரைத் திறப்பதே இல்லை. டெஸ்க்டாப்புக்கு வைஃபை வாங்குவதற்காகச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு டாங்கிள் போட்டிருப்பவர்கள் கவனியுங்கள்: அதை மேசைக்கு அடியில், தகரப் பெட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, ஹார்டு டிஸ்கின் பக்கத்துத் துளையில் செருகியிருப்பீர்கள். அதைவிட மோசமான இடம் வீட்டிலேயே கிடையாது. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள்.

இனி கரண்ட். இந்த மடலில் ஒன்றே ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பார்வை மையங்கள் வைத்து, அங்கே வரும் நோயாளியைத் தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஃபைபர் கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் என்ற பேராசிரியரின் குழு, நம் வீட்டில் இருக்கும் அதே வைஃபை நுட்பத்தைக் கோபுரமும் திசை ஆன்டெனாவும் வைத்துக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துக் காட்டியது. பிறகு அந்த இணைப்புகளைப் பல வருடம் உயிரோடு வைத்திருப்பதில் பட்ட பாட்டை 2008-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். மழை, தூரம், மலை என்று எதிர்பார்த்துப் படித்தால் ஏமாறுவீர்கள். அவர்களை அதிகம் படுத்தியது மின்சாரத்தின் தரம். வோல்டேஜ் ஏறுவதும் இறங்குவதும் திடீரென்று துள்ளுவதும் கருவிகளைக் குழப்பின, கொன்றன. பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க உள்ளூர் ஊழியர்களுக்கு வழி தெரியாததால் தொல்லை இரட்டிப்பானது. காற்றில் போகும் அலைமேல் எல்லோருக்கும் சந்தேகம் இருக்க, குற்றவாளி சுவரில் இருக்கும் பிளக்கில் இருந்தான்.

நம் ஊர் நிலைமையும் அதேதான். வயல் மோட்டார்கள் ஒரே சமயத்தில் ஓடும்போது பல்பு மங்கும் கிராமங்கள் நமக்குப் புதிதல்ல. பெட்டியோடு வந்த கருப்பு அடாப்டர் புதிதாக இருக்கும்வரை இதையெல்லாம் தாங்கும். இரண்டு மூன்று கோடைக்காலம் சூட்டில் வெந்த பிறகு உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துவிடும். அதன்பின் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் பெட்டி ஒரு கணம் செத்துப் பிழைக்கும். பிழைத்தெழுந்து மறுபடி நெட் தர இரண்டு நிமிடம் ஆகும். நீங்கள் பார்க்கும்போது விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. “இண்டக்‌ஷன் அடுப்புப் போட்டா வைஃபை போவுதுங்க, அதோட அலை இடிக்குதா?” என்று ஒரு அம்மா கேட்டார். அடுப்பின் அலைவரிசை கிலோஹெர்ட்ஸ் கணக்கு, வைஃபையோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். மெல்லிய ஒயரில் வோல்டேஜ் சரியும், கிழ அடாப்டர் மயங்கும். அவர் கவனித்தது உண்மை, சந்தேகப்பட்ட ஆள்தான் தப்பு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. பிரவுசரில் பெட்டியின் எண்ணைத் தட்டி உள்ளே போனால் ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் ‘அப்டைம்’ என்று, பெட்டி கடைசியாக ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும். நீங்கள் ஒரு வாரமாக ஸ்விட்சைத் தொடவில்லை, கரண்டும் போகவில்லை, ஆனால் அது 20 நிமிடம் என்று காட்டினால் வேறு எதையும் தேட வேண்டாம். அடாப்டரை மாற்றுங்கள். பழையதன்மேல் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் புதியதும் 12 வோல்ட்தான், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின் பொருந்துகிறது என்பதற்காக செட்டாப் பாக்ஸின் அடாப்டரை எண் பார்க்காமல் செருகிப் பெட்டியையே எரித்துக்கொண்டவர்கள் உண்டு. கரண்ட் அடிக்கடி போய்வரும் ஊர் என்றால் வைஃபை பெட்டிக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இன்வர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது தேவைப்படலாம், கரண்ட் மாறும் அந்த இமைப்பொழுதிலேயே சில பெட்டிகள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். சித்திரை, வைகாசி இடிமழையில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். ஃபைபர் கண்ணாடிதான், அதில் மின்சாரம் பாயாது என்பது சரி. ஆனால் கம்பத்திலிருந்து வீடு வரை அதைத் தாங்கிக்கொண்டு வரும் ஒயருக்குள் பெரும்பாலும் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, கரண்ட் ஒயரோ எப்படியும் இருக்கிறது.

கடைசியாகக் கம்ப்யூட்டர். இதில் சொல்ல அதிகம் இல்லை. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் நெட் போகிறது என்ற புகாருக்கு அது முக்கிய மருந்து. டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள், ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வருகிறவற்றைத் தொடாதீர்கள். டிஸ்பிளே மாற்றிய பிறகு சிக்னல் குறைந்திருந்தால், மாற்றியவர் மூடிக்குள் ஓடும் ஆன்டெனா ஒயரை மாட்ட மறந்திருக்கலாம், அதை மட்டும் தயங்காமல் கடைக்குக் கொண்டு வாருங்கள். விண்டோஸ் 10, 11-இல் கருப்பு ஜன்னலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால், கடந்த மூன்று நாளில் வைஃபை எந்தெந்த நேரத்தில், என்ன காரணத்தால் அறுந்தது என்று ஒரு அறிக்கையே தயாராகும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மேசைக் கம்ப்யூட்டர் ஒரே இடத்தில்தானே இருக்கப் போகிறது, அதற்கு எதற்கு வைஃபை? பெட்டியிலிருந்து ஒரு லேன் ஒயர் இழுத்துச் செருகினால் மேலே சொன்ன அலை, சுவர், பீரோ, சேனல் கதை எதுவும் உங்களுக்கு இல்லை. ஒரு ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். “ஒயர் தெரிஞ்சா வீடு அசிங்கமா இருக்குங்க” என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மீட்டிங் நடுவில் மகன் கத்துவது அதைவிட அசிங்கம் என்பது என் கருத்து.

இனிமேல் கம்ப்யூட்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கடைக்கு ஒரு போன் போடுங்கள். நெட் நிற்கும்போது செல்போனில் வந்ததா, எல்ஓஎஸ் விளக்கு என்ன நிறம், பிங் ஜன்னல்களில் எது நின்றது, அப்டைம் எவ்வளவு காட்டுகிறது என்ற விவரங்களைச் சொல்லுங்கள். கொண்டு வர வேண்டுமா, வேண்டாமா என்று போனிலேயே சொல்லிவிடுகிறேன். வரத்தான் வேண்டும் என்றால், வைஃபை பெட்டியின் அடாப்டரையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.